கோவாக் வீட்டுப் புல்வெளியில் கிடந்தது

வெர்னா ஹாஸ்கெட் முப்பத்தோரு வருஷம் எங்கள் ஊர்ச் செருப்புக் கடையில் நின்றவள். ஒஹாயோவின் இந்த மூலையில் நாற்பதைத் தாண்டிய யாருடைய பாதத்தையும் அவள் ஒரு தடவையாவது கையில் பிடித்து அளந்திருப்பாள். கடையை மூடி ஆறு வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆளைக் கண்டதும் கண் நேரே காலுக்குத்தான் போகும்.

ஆகஸ்டில் அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. தினமும் ஒரு மைல் நடந்தே ஆகவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரி என்பதால் அவளை இழுத்துக்கொண்டு போகும் வேலை என் தலையில் விழுந்தது. செப்டம்பர் முழுக்க ஒரே முனகல்தான்.

"டோரீன், வலிக்குது. திரும்பிடலாம்."

"இன்னும் நாலு வீடு."

"நீ போன ஜென்மத்துல ஜெயில் வார்டனா இருந்திருப்பே."

அக்டோபர் பிறந்ததும் கதை மாறியது. மேப்பிள் மரங்கள் சிவந்து, தெருவில் வீட்டுக்கு வீடு ஹாலோவீன் அலங்காரம் முளைத்தது. மாதக் கடைசியில் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு, அலங்கரித்த வீடுகளாகப் பார்த்து மிட்டாய் கேட்டு வரும் பண்டிகை அது. ஸ்வென்சன் வீட்டு வாசலில் மூன்று பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள். ஒருநாள் சீட்டாடும், மறுநாள் சருகு வாரும், அதற்கு மறுநாள் ஒன்றுக்கு மற்றொன்று பல் பிடுங்கும். அதைப் பார்க்காமல் வெர்னாவுக்கு காப்பி இறங்காது. இப்போது ஒன்பதரைக்கே என் கதவைத் தட்ட ஆரம்பித்தாள்.

ஒரு வீட்டில் பூந்தொட்டிக்குள் சூனியக்காரி தலைகீழாக விழுந்தாற்போல இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துபோனாள். மூன்றாம் நாள் மணியை அடித்தேவிட்டாள்.

"உங்க சூனியக்காரிக்கு ஷூவை இடம் வலம் மாத்திப் போட்டிருக்கீங்கம்மா. பாவம், அவளுக்குக் கால் வலிக்காதா?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "நீங்களே மாத்திடுங்க" என்றாள். வெர்னா மாற்றினாள். முடிச்சும் போட்டாள்.

தெருமுனையில் எல்மர் கோவாக்கின் வீடு மட்டும் வெறிச்சென்று இருக்கும். அலங்காரமெல்லாம் அவர் மனைவி இரேனின் வேலை. அவள் இறந்துபோய் இரண்டு வருஷமாகிறது. அதிலிருந்து ஒரு பூசணிக்காய்கூட அந்த வாசலில் வைத்ததில்லை.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி காலை நல்ல குளிர். நாங்கள் முனையை நெருங்கும்போது, புதிதாகக் குடிவந்த இளம் தம்பதி நாயோடு கோவாக் வீட்டு எதிரே நின்று போட்டோ எடுத்துவிட்டு, சிரித்தபடி போனார்கள். வந்து பார்த்தோம். கூரை விளிம்பில் ஏணி சாய்ந்திருந்தது. பாதி மாட்டிய ஆரஞ்சு விளக்குச் சரம் காற்றில் தொங்கியது. கீழே சருகுக் குவியலில் கட்டம் போட்ட சட்டையோடு ஓர் உருவம் குப்புறக் கிடந்தது.

"பாத்தியா, கிழவரும் கடைசில களத்துல இறங்கிட்டாரு! பொம்மை அச்சு அசலா இருக்கு" என்றேன் நான். இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வெர்னா நகரவில்லை. "டோரீன், அது பொம்மை இல்ல."

"என்னது?"

"அந்த ஷூவை நான்தான் வித்தேன். வலது குதிகால் வெளிப்பக்கமா தேஞ்சிருக்கு பாரு. எல்மர் அப்படித்தான் நடப்பாரு."

படியேற நூறு புகார் சொல்லும் அந்த முழங்காலோடு புல்வெளியில் ஓடினாள். அப்படியே மண்டியிட்டாள். "எல்மர்! நான் பேசுறது கேக்குதா?"

சருகுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "கேக்குது. காதுல கத்தாதே."

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வெர்னா தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினாள். ஏணி சறுக்கி விழுந்து முக்கால் மணி நேரமாம். இடுப்பை அசைக்க முடியவில்லை; விலா எலும்பும் முறிந்ததில் சத்தம் போட வலுவில்லை.

"கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன், வெர்னா. ஒருத்தன் கை தட்டிட்டுப் போறான்."

"பேசாதீங்க. அசையாமப் படுங்க."

"இன்னொருத்தி, பேட்டரி எவ்வளவு நேரம் ஓடும்னு கேக்குறா."

அழுவதா சிரிப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அன்று மதியம் முழுக்க வெர்னா என் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். வைத்த சூப்பைத் தொடவில்லை. "இன்னிக்குக் குளிருதேன்னு ஏரிப் பக்கம் போகலாம்னு நினைச்சேன். போயிருந்தா?" என்று இரண்டு தடவை கேட்டாள். நான்கு மணிக்கு எல்மரின் மகள் மார்லீன் போன் செய்தாள். இடுப்பெலும்பில் அறுவை நல்லபடி முடிந்துவிட்டது. அப்பா கண் விழித்துவிட்டார், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறார். வெர்னா போனை வைத்துவிட்டு, ஆறிப்போன சூப்பை அப்படியே எடுத்துக் குடித்து, இன்னொரு கிண்ணமும் கேட்டாள்.

விஷயம் தெரிந்து அந்த இளம் தம்பதி துடித்துப்போனார்கள். வீட்டில் சுட்ட ஆப்பிள் கேக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அழுதிருக்கிறார்கள். "போட்டோவுல நான் நல்லா விழுந்திருக்கேனா? அதைக் காட்டு முதல்ல" என்று எல்மர் கேட்ட பிறகுதான் அவர்களுக்கு முகம் தெளிந்ததாம். அந்த வார இறுதியில் மீதி விளக்குகளை அவர்களே மாட்டினார்கள்.

இந்த வயதில் ஏணி ஏறுவானேன் என்று வெர்னா அவரை ஒருநாள் பிடித்துக்கொண்டாள். அவர் ஆஸ்பத்திரிப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்.

"ஹாலோவீன் அன்னிக்கு பிள்ளைங்க சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் வரும். அப்புறம் என் வீட்டை விட்டுட்டு ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் போயிடும். ரெண்டு வருஷமா உள்ள உக்காந்து அதையே கேட்டுக்கிட்டிருந்தேன்."

இருபத்தொன்பதாம் தேதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாலோவீன் அன்று அந்தி சாயும்போது, சக்கர நாற்காலியில் போர்வையும் மடியில் மிட்டாய்க் கூடையுமாக வாசலில் அமர்ந்திருந்தார். பேய்களும் பூனைகளும் வரிசையில் நின்றன. பூனை வேஷம் போட்ட ஒரு சிறுமி அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கதான் அந்தப் பொணமா?"

"நானேதான்" என்றார் எல்மர் பெருமையாக. அவளுக்கு மட்டும் இரண்டு மிட்டாய்.

ஏழு மணிக்குள் கூடை காலி. வரிசை இன்னும் நடைபாதை வரை நீண்டிருந்தது. "வெர்னா, உன் வீட்டுல இருக்கிறதையும் எடுத்துட்டு வா, சீக்கிரம்!" என்று அவர் கத்தினார். விலா எலும்பு நன்றாகவே ஒட்டிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.