என் வீட்டில் விரியாத பவளம்

வீட்டு உப்புநீர்த் தொட்டியில் வளர்த்த, பூப்போல மொட்டு மொட்டாக விரியும் மென்பவளக் கொத்தைப் போன வாரம் பிளேடால் இரண்டாக வெட்டினேன். ஒரு பாதி எனக்கு, மறுபாதி கயத்தாற்றில் இருக்கும் என் நாத்தனார் செல்விக்கு.

என் பாதி அன்றிலிருந்து மூடியே கிடக்கிறது. விளக்கைக் கூட்டினேன், நீரோட்டத்தைக் கூட்டினேன், தினமும் குச்சியால் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

இன்று செல்வி வீட்டுக்குப் போனேன். அங்கே அத்தனை மொட்டும் பச்சைப் பசேலென்று விரிந்து ஆடின. எனக்கு வயிறு எரிந்தது. வளர்த்தவள் நான், விரிவது அவளிடமா?

"என்னட்டி செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல மதினி. வெட்டுன புண்ணு ஆறட்டும்னு வெளிச்சத்தக் கொறச்சு, ஓரமா வச்சு, தொடாம விட்டுட்டேன். ஒங்களுது எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

கோவில்பட்டியில் என் வீட்டுக்கு வந்ததும் விளக்கைக் குறைத்தேன். சாயங்காலம் ஒரே ஒரு மொட்டு விரிந்தது. அதை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "மத்ததெல்லாம் எங்க மதினி?"

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்ன எழுதட்டும், சொல்லுங்கள்.