கிரைண்டர் பிடித்த கை

ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற தசரதனுக்குத் தன் கைமேல் ஒரு கர்வம். அவர் பற்றவைத்த இடத்தில் விரலை ஓட்டினால் தடம் தெரியாது. 'கை சுத்தம்' என்று ஒரு சிற்பியே சொன்னதாக யார் வந்தாலும் சொல்வார்.

அந்தச் சிற்பி கோகுல்நாத், குவார்ட்டர்ஸ் மைதானத்தில் தொழிற்சங்கம் வைத்த இரும்புச் சிலையைச் செய்தவர். முகம் இல்லாத, கழிவுத் தகடுகளால் ஆன, எழுந்து நிற்கும் ஓர் ஆள். கோகுல்நாத் இப்போது இல்லை. நவீனக் கலையும் தொழிலாளர் அரசியலும் சேர்ந்த கதையை ஆராயும் மைதிலி, அந்தச் சிலையின் திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் எடுத்த பழைய புகைப்படத்தோடு விவரம் கேட்கத் தசரதன் வீட்டுக்கு வந்தாள். படத்தில் சிலை முழுக்க வெல்டிங் முண்டும் முடிச்சுமாக இருந்தது.

"வேலை செஞ்ச கையோட தடம் தெரியணும்னு அவர் வேணும்னேதான் இப்படி விட்டார், ஐயா. விழாவுக்குள்ள யாரோ வழவழன்னு தேய்ச்சு, சாம்பல் பெயிண்ட் அடிச்சுட்டாங்க. நிர்வாகம்தான் பண்ணியிருக்கணும். தொழிலாளியோட தடத்தை அழிக்கிற அரசியல்! ஒரு அத்தியாயமே எழுதிட்டேன்."

முறுக்குத் தட்டோடு வந்த மனைவி ராணி, "அந்தச் செலைய முடிச்சுக் குடுத்ததே இவருதாம்மா. எத்தினி வாட்டி பீத்திக்கினு கீறாரு! இப்போ இன்னாயா வாயத் தொறக்க மாட்டேன்ற?" என்றாள்.

தசரதனுக்குக் காது சுட்டது. பெரிய ஆள் யார் வந்தாலும் கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பது தொழிற்சாலைப் பழக்கம். விழாவுக்குத் தலைவர் வருகிறார் என்றதும், யாரும் சொல்லாமலே ஒரு மத்தியானம் முழுக்க இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரைப் பிடித்தவர் அவர்தான். மறுநாள் கோகுல்நாத் வந்து, சிலையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். "கை சுத்தம் உங்களுக்கு," என்றார். டீக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டார்.

பேசாமல் இருந்தால் பழி நிர்வாகத்தோடு போய்விடும். புத்தகமும் அப்படியே வந்துவிடும்.

"எழுதுனத அடிச்சிடும்மா," என்றார் தரையைப் பார்த்து. "நான்தான் தேய்ச்சேன்."

"அடப்பாவி மனுசா!" என்றாள் ராணி.

மைதிலியின் பேனா நின்றது. "ஏன், ஐயா?"

"வெல்டிங் அப்டி கெடந்தா, எவன்டா வெல்டருன்னு தானே கேப்பான்? அன்னிக்கு அது எனக்கு வெக்கமா இருந்துச்சும்மா."

மைதிலி குறிப்பேட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"உங்க பேர் போடலாமா?"

"போடு. தசரதன், வெல்டர்."