ஹாலின் நடுவே ஒரு புள்ளிக்கோடு

பட்டாபிராமில் கையில் டேப்போடு நடப்பவனை யாரும் சும்மா விடுவதில்லை. மெட்ரோவுக்கு இடம் எடுக்க வந்திருப்பான், இல்லையென்றால் ரோட்டை அகலப்படுத்த வந்திருப்பான், அதுவும் இல்லையென்றால் எந்த வீட்டிலோ பாகம் பிரிக்கிறார்கள். படிப்புக்காக வாங்கிய டேப் என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. தாடியில் ஒன்றிரண்டு நரை விழுந்தவன் காலேஜில் முதலாண்டு என்றால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பத்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஓசூர், திருப்பூர், கோவாவில் ஒரு ஓட்டல் சமையலறை என்று எங்கும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில், கிச்சன் அலமாரி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் பலகைக்கு உப்புத்தாள் தேய்த்தேன். மரத்தூள் நெஞ்சில் இறங்கி இருமல் நிற்காமல் போனதும் அதையும் விட்டேன். நடுவில் தனியாகப் பரீட்சை எழுதி பிளஸ் டூ பாஸ் செய்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு, பூந்தமல்லியைத் தாண்டியிருந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இன்டீரியர் ஆர்க்கிடெக்சர் சேர்ந்தேன். பகலில் வகுப்பு, சாயங்காலம் பைக்கில் சாப்பாடு டெலிவரி. பட்டாபிராமில் ஒரு வீட்டு மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. வெயில் காலத்தில் பகலில் அதற்குள் இருக்க முடியாது. நானும் இருந்ததில்லை.

வகுப்பில் பிள்ளைகள் என்னை அண்ணா என்றார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். நிர்வாகம் வேவு பார்க்க அனுப்பி வைத்த ஆள் நான் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு ஓடியது பிறகுதான் தெரிந்தது.

எங்களுக்கு முக்கியமான பாடம், ஸ்டுடியோ என்கிற வரைபட வகுப்பு. அதில் தேறவில்லையென்றால் வருடம் முழுக்கத் திரும்பப் படிக்க வேண்டும். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். ஒருமுறை வெளியே போனால் திரும்பி வருகிற ஆள் இல்லை நான். அந்தப் பருவத்தின் வேலை இதுதான்: ஆட்கள் குடியிருக்கும் ஒரு வீட்டை அளந்து, உள்ளே இருக்கும் கட்டில், பீரோ எல்லாவற்றோடும் அப்படியே வரைய வேண்டும். முந்தைய வருடத்துப் பிள்ளைகள் இணையத்தில் எடுத்த வீடுகளை வரைந்து கொடுத்துவிட்டார்களாம். அதனால் ஸ்டுடியோ எடுக்கும் மேடம் ஒரு விதி போட்டார்கள். படத்தின் மூலையில் வீட்டுக்காரர் கையெழுத்தும் போன் நம்பரும் இருக்க வேண்டும்.

சொந்த வீடு இருந்தவர்களுக்கு அப்பா கையெழுத்துப் போட்டார். எனக்குத் தெரிந்த ஒரே வீடு, நான் குடியிருந்த மாடிக்குக் கீழே இருந்ததுதான்.

வீட்டுக்கார அக்காவின் கணவர் வளைகுடாவில் வேலையில் இருந்தார். முன்பாதியில் அக்காவும் பிள்ளைகளும். பின்பாதியில் கணவரின் தம்பி குடும்பம். மாமனார் எழுதி வைக்காமலே இறந்துவிட்டதால் வீடு இன்னும் பிரிக்கப்படவில்லை. இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. அதைப் பூட்டி, அக்கா தன் பக்கம் ஃப்ரிட்ஜை நிறுத்தியிருந்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே கதவை அடைத்து ஒரு ஃப்ரிட்ஜ்.

அக்கா முதலில் சம்மதித்தார். மாதா படத்துக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, டேப் போகும் இடமெல்லாம் கண்ணைக் கொண்டுபோனார்.

"செவுத்த இன்னாத்துக்கு அளக்குற? சாமானத்ததான வரையணும்னு சொன்ன?"

"சுவர் இருந்தாதானக்கா சாமானை எங்க இருக்குன்னு காட்ட முடியும்."

"நல்லா பேசுற நைனா."

பின்பாதியில் தம்பிக்காரர் கேட்காமலே டீ கொடுத்தார். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. ஒரு வருடமாகப் படிக்கட்டில் பார்த்தும் தலையசைக்காதவர்.

"அண்ணி சொல்லிதான வந்துகிற?"

"இல்லண்ணா, காலேஜ்ல."

"சரி சரி, காலேஜ்ல. எனுக்கு ஒரு ஜெராக்ஸ் குடுத்துடு."

பத்து நாளில் படம் முடிந்தது. இங்க்கில் வரைந்த பெரிய தாள். கையெழுத்துக்காக அக்காவின் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அவர் விரலால் வாசலிலிருந்து நடந்து வந்தார். மாதா படம், டிவி, தையல் மிஷின் எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சிரித்தார். ஹாலின் நடுவில் விரல் நின்றது.

"இது இன்னா புள்ளிக்கோடு?"

மேலே பார்க்கச் சொன்னேன். ஹாலின் குறுக்கே கூரையில் ஒரு பீம் ஓடுகிறது. தலைக்கு மேலே இருப்பதை விட்டுவிட்டுப் போட்ட கோட்டால் காட்டுவது வரைபட வழக்கம் என்றேன். அவர் மேலே பார்க்கவே இல்லை.

"இங்கதான் செவுரு எழுப்பப் போறானுங்களா? என் ஹால்ல பாதி அவனுக்கா?"

"அக்கா, அது பீம்."

"பீமு மேல கீது. கோடு கீழ கீது. என்ன இன்னா படிக்காதவன்னு நெனச்சிகினியா? இத எடுத்தாதான் கையெழுத்து."

நாங்கள் பேசியது ஃப்ரிட்ஜ்களைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். அன்று சாயங்காலமே தம்பிக்காரர் மாடிக்கு வந்து படத்தைக் காட்டச் சொன்னார். நெடுநேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, இந்தக் கோட்ட இன்னும் கொஞ்சம் வாசப்பக்கமா தள்ளிப் போட முடியுமா?" என்றார்.

மறுநாள் பிளேடு எடுத்து அந்தக் கோட்டைச் சுரண்டினேன். இங்க்கில் போட்டதை அழிக்க வேறு வழியில்லை. அக்கா தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரரக் கேட்டுதான் போடணும்" என்று திருப்பிக் கொடுத்தார். வளைகுடாவிலிருந்து போன் வந்தது. கையெழுத்து வரவில்லை.

மதிப்பீட்டு நாளில் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு நின்றேன்.

"கையெழுத்து எங்க?" என்றார் மேடம்.

"போட மாட்டேங்குறாங்க மேடம்."

"எல்லார் வீட்லயும் போட்டிருக்காங்க. உங்க வீட்ல மட்டும் ஏன்?" அதற்குள் அவர் கண் ஹாலுக்குப் போய்விட்டது. "இவ்வளவு பெரிய ஹால்ல ஒரு பீம் கூட இல்ல. கூரை காத்துலயா நிக்குது? இந்த வீட்டுக்குள்ள நீங்க போனீங்களா இல்லையா?"

அவரே அக்காவின் நம்பரை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க மாடியில இருக்கற ஸ்டூடன்ட் உங்க வீட்டை அளந்தாராம்மா?"

"யாரு நீங்க? எந்த ஆபீசு?"

"யுனிவர்சிட்டியிலேர்ந்து பேசறோம்."

"எங்க ஊட்ட யாரும் அளக்கல. அளக்கவும் வுட மாட்டோம். எங்க ஊட்ல பாகமும் பிரிக்கல, ஒண்ணியும் பிரிக்கல." போன் வைக்கப்பட்டது.

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அடுத்து எந்த ஊர் என்று என் மனம் யோசிக்கத் தொடங்கிவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு தெரிந்தவன் இருந்தான்.

மேடம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாகம் பிரிச்சீங்களான்னு நான் கேட்கவே இல்லையே" என்றார். பிறகு தாளைச் சுவரிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சுரண்டிய இடம் மெலிந்து, ஹாலின் குறுக்கே வெளிச்சமாகத் தெரிந்தது. "பீமைச் சுரண்டியிருக்கீங்க. யார் சொல்லி?"

நடந்ததைச் சொன்னேன். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. பென்சில் முனையால் நடுக்கதவைத் தொட்டார். ஒரு கதவு, அதற்கு இந்தப் பக்கம் ஒரு ஃப்ரிட்ஜ், அந்தப் பக்கம் ஒரு ஃப்ரிட்ஜ்.

"இதை இன்டர்நெட்லேர்ந்து எடுக்க முடியாது" என்றார். "பீமைத் திரும்பப் போடுங்க. இப்பவே, என் முன்னாடி."

சுரண்டிய தாளில் இங்க் ஊறிப் பரவியது. அக்காவின் ஹாலில் புள்ளிக்கோடு முன்னைவிடத் தடித்து விழுந்தது. கையெழுத்தைப் பற்றி மேடம் மறுபடி கேட்கவில்லை. தேறிவிட்டேன்.

வீடு திரும்பியபோது அக்கா கேட் அருகிலேயே நின்றிருந்தார்.

"எவளோ போன் பண்ணா. யாரும் அளக்கவே இல்லன்ட்டேன். உன்னியும் சேத்துதான் காப்பாத்திகிறேன், தெரியுமா?"

"கேட்டேன்கா."

"கேட்டியா? அவ பக்கத்துலயா நின்னுகினு இருந்த?"

நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

"பேப்பர் எங்க?"

"காலேஜ்ல வச்சுக்கிட்டாங்க."

"என் ஊட்டுப் படத்த வச்சிகினு அவங்களுக்கு இன்னா வேல?"

எனக்கும் அது தெரியாது. ஒரு இரும்பு அலமாரியில் போட்டுப் பூட்டுவதை மட்டும் பார்த்திருந்தேன். பின்பாதியின் பக்கவாட்டு ஜன்னலில் தம்பிக்காரர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அக்கா அதையும் பார்த்தார்.

அடுத்த மாதம், மாடிக்கு உறவுக்காரர்கள் குடிவருகிறார்கள் என்று சொல்லி அக்கா அறையைக் காலி செய்யச் சொன்னார். யாரும் வரப்போவதில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் வேறு அறை கிடைத்தது. காலேஜுக்கு அது பக்கமும்கூட. டேப்பைத் துணிமூட்டைக்கு அடியில் வைத்துக்கொண்டு போனேன். புது வீட்டுக்காரர் என் தோளில் தொங்கிய நீளமான பிளாஸ்டிக் குழாயைப் பார்த்தார். அடுத்த பருவத்துக்கான வெறும் தாள்கள்தான் அதில் இருந்தன.

"அதுல இன்னாபா?"

"காலண்டர் சார்" என்றேன்.

"இன்னா சாமி?"

"எல்லா சாமியும்."

சாவியைக் கொடுத்தார். ஆனாலும் நான் படி ஏறும்வரை குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.