கோழிக்குக் காத்த துடக்கு

எங்கள் வீட்டில் கடைசியாக மிஞ்சிய கோழிக்கு ஒரு கண் தெரியாது. முட்டையிடுவதை அது எப்போதோ விட்டிருந்தது. கூட்டுக்குள் ஏறவும் காலில் பலமில்லை. பின்னேரமானால் கூட்டு வாசலில் வந்து நின்று, யாராவது தூக்கிவிடும்வரை மெல்லக் கொக்கரித்துக்கொண்டிருக்கும். தூக்கிவிடுகிறவர் எப்போதும் என் பெரியப்பாதான்.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். கலியாணம் செய்யாதவர், நீர்வேலியில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். வாழைத்தோட்டத்தில் அப்பாவோடு நின்று பாடுபட்ட மனிதர், நெஞ்சு வருத்தம் வந்தபின் சாய்மனைக் கதிரையோடு ஒதுங்கிவிட்டார். பிறகு அவருடைய முழுநேர உத்தியோகம் கோழிகள்தான். வேலியோரம் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடித்து வந்து கொட்டுவார். தவிட்டைக் குழைத்து உருட்டி, கண் தெரியாத கோழிக்குத் தன் கையாலேயே ஊட்டுவார். அவருக்கு எடுபிடி நான். எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ இருக்கும்.

எங்கள் ஊரில் கோழிக்கு முதுமை என்றொரு பருவமே கிடையாது. அந்தப் பருவம் வருமுன் அது சட்டிக்குப் போய்விடும். எங்கள் வீட்டுக் கோழிகள் மட்டும் ஒவ்வொன்றாக வயதுபோய், நோய்பட்டு, ஆறுதலாகச் செத்தன. அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. மைத்துனரிடம் நேரே சொல்ல முடியாததால், அப்பாவிடம் சொல்வதுபோல, ஆனால் முற்றம் முழுவதற்கும் கேட்கும்படி, "உது முட்டைக்கும் உதவாது, கறிக்கும் உதவாது. உதுக்கு நடக்கிற ராச உபசாரம் எனக்கு நடந்தா நான் எப்பவோ கொழுத்திருப்பன்" என்பார். பெரியப்பா சிரித்துக்கொண்டே, "அது தன்ரை பாட்டிலை இருந்து போகட்டும்" என்பார். அவ்வளவுதான்.

ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கூட்டைத் திறந்தால் கோழி விறைத்துப்போய்க் கிடந்தது. நான் அலறினேன். அம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு, "நானென்னவோ எண்டு பயந்திட்டன். கோழிக்கு ஆரும் அழுவினமே? போய் முகத்தைக் கழுவு" என்று சொல்லிவிட்டு, அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விட்டார். மருதனார்மடம் சந்தைக்கு வாழைக்குலை போகவேண்டிய அவசரம் அவர்களுக்கு. எனக்குத் தெரிந்த நாள் முதல் எங்கள் முற்றத்தில் நடமாடிய ஒரு உயிர் போய்விட்டது. அழக்கூட உரிமையில்லை என்கிறார்களே என்று ஆத்திரமாக வந்தது.

பெரியப்பா தன் பழைய சாரத்தைக் கிழித்துக் கோழியைச் சுற்றினார். வாழையடியில் மூச்சு வாங்க வாங்கக் குழி வெட்டினார். மண் மூடியபின் நான் கேட்டேன்: "பெரியப்பா, இப்ப எங்களுக்குத் துடக்கோ?"

துடக்கு என்றால் சாவுத் தீட்டு. அந்த வருடம்தான் அப்பாவின் வழியில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் செத்து, நாங்கள் ஒரு மாதம் கோயில் பக்கம் போகாமல் இருந்தோம். திருவிழாவும் போயிற்று, நான் கேட்ட கண்ணாடிக் காப்பும் போயிற்று. முகமே தெரியாத ஒருவருக்கு அவ்வளவு துடக்கு என்றால், தினமும் என் கையில் தவிடு கொத்தித் தின்ற கோழிக்கு எவ்வளவு இருக்கவேண்டும்!

பெரியப்பா மண்வெட்டியில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தார். "ஓம் பிள்ளை. எங்களுக்குத் துடக்குத்தான்" என்றார். அவர் குரலில் விளையாட்டு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயில் தொண்டர் ஒருவர் எங்கள் வளவில் பூப்பிடுங்கச் சைக்கிளில் வருவார். நான் வாசல் படலையிலேயே அவரை மறித்தேன். "பூ தரேலாது. எங்கடை வீட்டிலை செத்தவீடு. துடக்கு" என்றேன்.

"ஐயோ, எப்ப பிள்ளை?"

"ராத்திரி" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வெடித்துவிட்டது. உள்ளே ஓடிவிட்டேன். யார் செத்தது என்று அவர் கேட்கவில்லை. பெரியப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த கிழமை அது. கேட்க என்ன இருக்கிறது?

கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் பின்வளவுக்காரர், தலையில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைக் கவிழ்த்தபடி. முற்றத்தில் பெரியப்பா சாய்மனைக் கதிரையில் இருந்து பத்திரிகை வாசிப்பதைக் கண்டதும் மனுசன் மரமாய் நின்றுவிட்டார். "என்ன, கதிரையோடை வாறாய்?" என்று பெரியப்பா கேட்க, "சும்மா... இருந்து கதைச்சிட்டுப் போவமெண்டு" என்றார். தன் கதிரையைத் தானே கொண்டுவந்து இருந்து கதைத்தவரை அன்றுதான் கண்டேன். அடுத்து வந்தவர்கள் படலையில் நின்று எட்டிப் பார்த்தார்கள். சிலர் சுகம் விசாரித்தார்கள், சிலர் வெட்கப்பட்டு அப்படியே திரும்பினார்கள். பெரியப்பாவுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. தன் வருத்தத்தைக் கேட்டு ஊரே திரண்டு வருகிறது என்று நினைத்துவிட்டார். அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்தரமாக இருக்கும்.

செய்தி அதற்குள் புத்தூருக்கும் போய்விட்டது. புத்தூரில்தான் மாமி இருந்தார். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. மாமிக்கும் பெரியப்பாவுக்கும் வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு மாமி நேரில் வந்து அழைக்காமல் போனில் சொல்லியிருந்தார். தாய்மாமனை, அதுவும் மூத்தவரை, போனிலா அழைப்பது என்று பெரியப்பா போகவில்லை. வேலை தலைக்குமேலே கிடந்த நேரம் அண்ணை முறை பார்த்தாரே, என்ரை பிள்ளைக்குத் தண்ணி வார்க்க வரவில்லையே என்று மாமிக்குக் கோபம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் அந்தச் சண்டையை முடித்துவைக்க யாராலும் முடியவில்லை. ஆனால் செத்தவீட்டுக்கு எங்கள் ஊரில் யாரும் அழைப்பை எதிர்பார்ப்பதில்லை. கேள்விப்பட்டால் புறப்பட்டு வரவேண்டியதுதான்.

மாமியின் ஓட்டோ ஒழுங்கையில் திரும்பும்போதே குரல் கேட்டது. "ஐயோ என்ரை அண்ணை! என்னோடை ஒரு வார்த்தை கதைக்காமல் போட்டியளே! நான் பாவி, ரோசம் பிடிச்சு வராமல் இருந்திட்டனே!" தலை அவிழ்ந்து கிடக்க, நெஞ்சில் அடித்துக்கொண்டு படலையைத் தள்ளி உள்ளே வந்தார். வந்தவர் முற்றத்தில் நின்றார்.

பெரியப்பா கதிரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். காலையிலிருந்து வந்த சனமெல்லாம் எதற்கு வந்தது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும். மாமியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கோழி செத்துப் போச்சு."

"எந்தக் கோழி?"

"நீ பெட்டியிலை கொண்டுவந்து தந்த குஞ்சுகளிலை கடைசி."

கோழிகள் மாமி தந்தவை என்று எனக்கு அதுவரை தெரியாது. மாமி அப்படியே மணலில் இருந்துவிட்டார். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல், உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். நான் போய்ப் பக்கத்தில் ஒட்டி இருந்துகொண்டு, கோழி கடைசி நாட்களில் எதைத் தின்றது, எதைத் தின்னவில்லை என்றெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதேன். மாமி என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். எனக்குத் துக்கத்துக்குள்ளும் ஒரு நிறைவு. கோழிக்கு யாரும் அழுவார்களோ என்று அம்மா கேட்டாரே, வந்து பார்க்கட்டும்!

பெரியப்பா இரண்டடி முன்னுக்கு வைத்தவர் பிறகு வரவில்லை. மாமி கிணற்றடியில் முகம் கழுவினார், கொண்டையை முடிந்தார், ஓட்டோவில் ஏறினார். செத்தவீட்டிலிருந்து போகிறவர்கள் "போட்டு வாறன்" என்று சொல்வதில்லை. மாமியும் சொல்லவில்லை. எங்கள் கோழிக்கு எவ்வளவு முறையாகத் துக்கம் காக்கிறார் என்று நான் மெச்சிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பெரியப்பா கதிரையைப் படலை பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஓட்டோச் சத்தம் கேட்டால் நிமிர்வார். "அவளுக்கு ஒருக்கா எடுத்துக் கதையன்" என்று அப்பாவிடம் சொல்வார். "நீங்களே கதையுங்கோவன், அண்ணை" என்று அப்பா போனை நீட்டினால், "அவள் எடுக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். புத்தூரிலும் இதே பேச்சுத்தான் நடந்ததாம், பின்னாளில் அப்பா சொல்லி அறிந்தேன். அண்ணை முதல் எடுக்கட்டும், அண்ணை முதல் எடுக்கட்டும். எடுத்திருக்கலாமே இருவரில் ஒருவர்!

மாரி தொடங்கிய பிறகு ஒரு விடியற்காலையில் பெரியப்பா போய்விட்டார். கோயில் தொண்டர் இம்முறை வீட்டுக்குள் வந்து கண்ணால் பார்த்த பிறகுதான் தலைத்துண்டை அவிழ்த்தார்.

மாமியும் வந்தார். பெரியப்பாவின் தலைமாட்டில் இருந்து, சாம்பிராணிப் புகை அவர் முகத்தில் படாமல் விசிறிக்கொண்டேயிருந்தார். சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். மாமி வாயே திறக்கவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "கல்லு நெஞ்சு" என்று யாரோ என் பின்னால் முணுமுணுத்தார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபின் நான் பொறுக்கமாட்டாமல் மாமியிடம் போனேன். "கோழிக்கு அப்பிடி அழுதனீங்கள். பெரியப்பாவுக்கு ஏன் அழேல்லை?" என்று கேட்டேன்.

மாமி என் அவிழ்ந்த பின்னலைப் பிடித்து முடிந்துவிட்டார். "அழுதிட்டனடி, பிள்ளை" என்றார்.

பச்சைப் பொய்! காலையிலிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவர் கையைத் தட்டிவிட்டு ஓடிப்போய், மாமி பொய் சொல்கிறார் என்று அம்மாவிடம் கோள் சொன்னேன்.