ஓர்ப்படியின் சாய்ப்பு

போளூர் சாலையில் மாமனார் விட்டுப்போன நிலத்தை என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் இருக்கும் மோட்டார் ரூம் மட்டும் பொது. அதன் கிழக்குச் சுவர் எங்கள் பக்கம், மேற்குச் சுவர் என் ஓர்ப்படி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி பக்கம். அந்த மேற்குச் சுவரில் தகரம் சாய்த்து அவள் ஒரு சாய்ப்பு இறக்கினாள். அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிந்தது.

செலவு பண்ணிக் கட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். எல்லாம் பழசு. எங்கள் தெருவில் இடித்த தறிக்கொட்டகையின் தகரம், உடைந்த தறியின் கால்கள், யார் வீட்டிலோ கழற்றிப்போட்ட ஜன்னல் கம்பி. மேற்கு வெயிலை மறைக்க, புடவையில் டிசைன் விழத் தறியின் ஜக்கார்டில் ஓடித் தேய்ந்த ஓட்டை அட்டைகளைக் கோத்த கயிற்றோடு அப்படியே திரையாகத் தொங்கவிட்டிருந்தாள். சாயங்காலமானால் அந்த ஓட்டைகள் வழியே வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழும். அதைப் போட்டோ பிடித்து ஸ்டேட்டஸில் வேறு போட்டாள். சொந்தக்காரர்கள் எல்லாம் எனக்கு போன் செய்து அவளைப் புகழ்ந்தார்கள். அதே அட்டைகள் என் வீட்டுப் பரணிலும் கிடந்தன. எனக்கு ஏன் தோன்றவில்லை?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் அங்கே போய் உட்கார ஆரம்பித்ததுதான் தாங்கவில்லை. தறியை விட்டு இறங்கி நிலத்துக்கு வருவார். வேர்க்கடலையில் களை எடுத்துக்கொண்டிருக்கும் என்னைத் தாண்டி நேராக மேற்கே போவார். "அம்மா, டீ கீதா?" என்பார். "உக்காருங்க மாமா, வச்சிகினுதான் கீறேன்" என்பாள் அவள். நான் வீட்டிலிருந்து எடுத்துவந்த டீ பிளாஸ்கிலேயே ஆறும். நிழல் இருக்கிற இடத்தில் மனிதர் உட்காருகிறார், வேறொன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தால் ஆத்திரம் அடங்கிவிடுமா?

"நமக்கும் ஒண்ணு போடணும்" என்றேன்.

"எதுக்கு? அதான் அங்க கீதே."

நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். அவர் வேலையை ஆரம்பித்தார்.

வீட்டில் பிரித்துப்போட்டிருந்த இன்னொரு தறியின் கால்களைக் கிழக்குச் சுவரை ஒட்டி நட்டோம். நெய்த புடவையைச் சுற்றும் படமரத்தை உத்தரமாகப் போட்டோம். தகரத்தைப் பழைய இரும்புக் கடையில் நானே புரட்டிப் புரட்டி, அவளுடையதைவிடத் துரு குறைவாகப் பார்த்து எடுத்தேன்.

தறியில் படமரம் ஒரு நூல் இறங்கினாலும் புடவை கோணிக்கொள்ளும். என் வீட்டுக்காரர் சின்ன வயதிலிருந்து ரசமட்டம் பிடித்தே பழகியவர். முன்கால்களைக் குட்டையாக நட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். முகம் சுளித்தார்.

"எறங்கிகினு கீது. கண்ண உறுத்துது."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "அவங்களுது மாதிரி தொங்கிகினு இருக்க வேணாங்க. நம்மளுது நேரா நிக்கட்டும்" என்றேன். அதைக் கேட்கத்தான் காத்திருந்தவர் போல, கால்களுக்கடியில் செங்கல் வைத்துத் தூக்கினார். ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. இரண்டு பேருக்கும் பெருமை பிடிபடவில்லை.

ஓர்ப்படி வந்து சுற்றிப் பார்த்தாள். "நல்லாகீதுக்கா. ஆனா தண்ணி ஓட வாட்டம் இல்லியே?"

பொறாமை பிடித்தவள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

அப்புறம் கொஞ்ச நாள் நான் ராணி மாதிரி இருந்தேன். அவர் என் பக்கம் உட்கார்ந்தார், என் டீயைக் குடித்தார். மேற்கே கேட்கட்டும் என்று நான் சத்தமாகச் சிரித்தேன்.

ஐப்பசி மழை ஒரு மத்தியானம் பிடித்துக்கொண்டது. எங்கள் தகரத்தின் மேல் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கியது. நடுவில் தொந்தி போட்டது. படமரம் முனகியது. நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகரம் மடங்கி, மொத்தத் தண்ணீரும் என் தலையில் கொட்டியது.

"ஜல்தி வா!" என்று அவர் ஓடினார். எங்கே என்று கேட்கவேண்டியதில்லை. நானும் பின்னால் ஓடினேன்.

அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் திருப்பிச் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. பாய் விரித்து, சூடாக டீ கொடுத்தாள். அவள் கூரையில் மழை சரசரவென்று இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு இடம்கூட நனையவில்லை. சாமி, ஒரே ஒரு இடத்திலாவது ஒழுகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். டம்ளர் பிடித்திருந்த கையில் பொட்டென்று ஒரு சொட்டு விழுந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"உன்னுதும் ஒழுகுதேம்மா" என்றேன்.

அவள் மேலே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொடியிலிருந்து துண்டை உருவி நீட்டினாள்.

"உங்க தலதான்க்கா சொட்டுது."

நான் துவட்டிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் காலி டம்ளரை அவள் பக்கம் நீட்டினார்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் கீதா?"