மாமா திருத்திய கார்

எங்கள் கார் என்னைவிடப் பத்து வயது மூத்தது. வாப்பா கட்டாருக்குப் போவதற்கு முன் வாங்கிய பழைய ஜப்பான் கார். வெயில் பட்டுப் பட்டு அதன் சிவப்பு, கருவாட்டின் நிறத்துக்கு வந்திருந்தது. அது கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டால், பள்ளிக்கூடம் விட்டு உம்மா வந்துவிட்டார் என்று பக்கத்து வீடுகளுக்கும் தெரியும்.

உம்மா நாவிதன்வெளிப் பக்கம், வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார். காலையில் அந்த வழிக்கு ஒழுங்கான பஸ் கிடையாது. கார் போனால் வேலையும் போகும் என்பது எனக்கே விளங்கியிருந்தது.

உம்மாவின் மூத்த காக்காவான எங்கள் மாமாவுக்கு அந்தக் காரும் பிடிக்காது, உம்மா அதை ஓட்டுவதும் பிடிக்காது. கெட்ட மனிதர் அல்ல. வாப்பா இல்லாத வீட்டுக்குத் தாமே பொறுப்பு என்று நினைத்தவர். வாரத்துக்கு இரண்டு தடவையாவது வந்து அந்தப் பொறுப்பை எங்களுக்கு ஞாபகப்படுத்திவிட்டுப் போவார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு புதன்கிழமை, கிட்டங்கிப் பாலத்துக்குக் கிட்ட, நானும் உம்மாவும் வந்த கார் நின்றுவிட்டது. மிதித்த உம்மாவின் காலோடு கிளச் மிதிகட்டை தரைக்குப் போனது. காலை எடுத்த பிறகும் மேலே வரவில்லை. கியர் போட்டால் பல்லைக் கடிப்பது போல் ஒரு சத்தம். பின்னால் வந்த உழவு இயந்திரக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். உம்மா செருப்பின் நுனியால் மிதிகட்டையைக் கிளப்பிக் கிளப்பி ஐந்தாறு தரம் மிதித்தார். கியர் விழுந்தது. மெல்ல மெல்ல ஊர் வந்து சேர்ந்தோம்.

அடுத்த நாளே மாமா கார் திருத்தும் ஒரு கராஜ் பாஸைக் கூட்டி வந்தார். பாஸ் ஒரு தரம் மிதித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். "கியர்பொக்ஸக் கழட்டோணும். கிளச் பிளேட் தேஞ்சி முடிஞ்சி. இந்த வயசுக் காருக்கு அது வீண் வேல." மாமா காத்திருந்த வார்த்தை அதுதான். அன்று மாலையே வாப்பாவுக்குத் தொலைபேசி போனது. தூரத்தில் இருக்கிற மனிதர் வேறென்ன சொல்வார்? "மச்சான் சொல்ற மாதிரிச் செய்ங்க" என்றார். சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் காரை விலைக்குப் பார்க்க வருவதாக முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை பின்னேரம் முற்றத்துக் குழாய்க் கிணற்றில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த உம்மா, கைப்பிடியைப் பாதியில் விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் பம்பு பழுதாகிக் கிடந்தப்போ எப்பிடித் தண்ணி எடுத்த?"

"நாலஞ்சி தரம் சும்மா அடிப்பம். மறுகாதான் தண்ணி வரும்."

"ஏன் அப்பிடி?"

"உள்ளுக்க ரப்பர் வாசர் தேஞ்சி போயிருந்திச்சி. நீங்கதானே மாத்தின?"

"கிளச்சும் நாலஞ்சி தரம் மிதிச்சாப் புடிக்கிதே" என்றார் உம்மா. "பிளேட் தேஞ்சிருந்தா, மிதிக்க மிதிக்க அது வளருமா?"

சனிக்கிழமை விடிந்ததும் பொனட் திறந்தது. கிளச்சுக்கான ஒயில் நிற்கும் சின்னப் போத்தல் காய்ந்து கிடந்தது. அதிலிருந்து புறப்படும் குழாயை உம்மா விரலால் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்ந்தார். அது கியர்பொக்ஸின் விலாவில், முழங்கை நீளம்கூட இல்லாத ஓர் இரும்புச் சிலிண்டரில் போய் முடிந்தது. அதன் ரப்பர் மூடி நனைந்திருந்தது. மேலே மிதிப்பதைக் கீழே கிளச்சுக்குத் தள்ளிக் கொடுக்கும் ஒயில் முழுவதும் அந்த இடத்தால் ஒழுகியிருக்கிறது. உம்மா இரண்டு திருகாணிகளைக் கழற்றி, சிலிண்டருக்குள்ளிருந்து கொட்டைப்பாக்கு அளவு ரப்பர் ஒன்றை எடுத்தார். அதன் விளிம்பு கிழிந்திருந்தது.

அதைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு இருவரும் பஸாரில் உதிரிப்பாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் அதே அளவில் புதியது ஒன்றைத் தேடி எடுத்து வைத்துவிட்டு, "எந்தப் பாஸ் செய்றாரு?" என்று கேட்டார்.

"எங்கட வீட்டுப் பாஸ்தான்" என்றார் உம்மா, சிரிக்காமல்.

ரப்பரை மாற்றியது சின்ன வேலை. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் பெரிய வேலை. ஒருவர் கிளச்சை மிதித்துப் பிடிக்க வேண்டும். அந்த நேரம் இன்னொருவர் சிலிண்டரின் சின்னக் காற்றுத் திருகாணியைத் தளர்த்திக் காற்றைப் போகவிட்டு, இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகுதான் காலை எடுக்கலாம். என் கால் எட்டாது. எங்களோடு இருந்த எங்கள் மாமி, வாப்பா ராத்தா என்று கூப்பிடும் அவருடைய மூத்த சகோதரி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் பிஸ்மி சொல்லி உட்கார்ந்தார். மாமிக்குக் காது மந்தம். ஆகவே உம்மா சொல்வதை ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கத்துவது என் வேலை.

"மிதிங்க மாமி!"

"மிதிச்சிட்டன்!"

அந்தத் திருகாணியில் மாட்டிய குழாய் வழியே, ஜாம் போத்தலுக்குள் குமிழிகள் புடுபுடுவென்று வந்தன. அதைப் பார்த்த சந்தோஷத்தில், உம்மா இறுக்குவதற்கு முதலே "உடுங்க மாமி!" என்று கத்திவிட்டேன். வெளியேறிய காற்றெல்லாம் திரும்ப உள்ளே போனது. நண்பகல் லுஹர் பாங்கும் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுதிட்டு நிண்டா ஆரு கத்துற?" என்றார் உம்மா. "முதல்லேருந்து செய்வம்."

போத்தல் வற்றாமல் ஒயில் ஊற்றி ஊற்றி மறுபடி தொடங்கினோம். எத்தனை தரம் கத்தினேனோ, தொண்டை கட்டிவிட்டது. ஒரு கட்டத்தில் மாமி உள்ளிருந்து கூவினார்: "புள்ள, இது இப்ப என்ட கால எதிர்க்குது!"

உம்மா ஒயில் கையோடு ஓடிவந்து ஏறினார். கிளச்சை மிதித்தார், விட்டார். அது துள்ளி மேலே வந்தது. கியர் வெண்ணெயில் கத்தி போல் இறங்கியது. ஒழுங்கையால் வெளியேறிக் கடற்கரை வீதி முழுக்க ஓடினோம். மாமி ஜன்னலால் கையை நீட்டித் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் ஸலாம் சொன்னார். நான் கட்டிப்போன குரலில் கூச்சலிட்டேன். தோணிக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

திரும்பி வந்தபோது வாசலில் மாமாவும் அக்கரைப்பற்றுக்காரரும் நின்றார்கள். வந்தவர் ஏறி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "நான் நினைச்சதவிட நல்லாரிக்கி, இண்டைக்கே முடிச்சிருவம்" என்றார். நாங்களே காரைத் திருத்தி விற்கக் கொடுத்துவிட்டோமா?

உம்மா மாமாவைப் பார்த்து, வந்தவருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எல்லாம் காக்காட புத்திதான். காக்கா அக்கறப்பட்டு வந்து பாக்காட்டி, நான் பொனட்டத் துறந்தே இரிக்க மாட்டன். இத்தூண்டு ரப்பர்தான் பழுது. அந்தப் பாஸ் கியர்பொக்ஸ எல்லோ கழட்டச் சொன்னாரு."

மாமா விழித்தார். ஒயில் படிந்த உம்மாவின் கைகளைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தவரிடம் திரும்பினார்.

"ஓம், எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். குறை நினைக்காதீங்க. இப்பிடிச் சாமான ஆரும் விப்பாங்களா?"

அன்றிலிருந்து பள்ளிவாசல் முன்றலிலும் தேநீர்க் கடையிலும், தாம் கிளச் திருத்திய கதையை மாமா சொன்னார். சொல்லச் சொல்ல அது நீண்டது. வாப்பாவுக்கும் அவரே சொன்னார். உம்மா அதற்குப் பிறகு பதினொரு வருடங்கள் அந்தக் காரில் நாவிதன்வெளிக்குப் போய் வந்தார்; அது பழுது என்றால் மாமாதான் முதல் ஆளாகக் காருக்குப் பரிந்துகொண்டு வந்தார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மாலை நான் உம்மாவோடு கதைக்கவில்லை. செய்தது அவர், பேர் மட்டும் மாமாவுக்கா? சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் போகவில்லை. மாமாவுக்குப் பயந்து உம்மா தோற்றுவிட்டார் என்றுதான், வீட்டுச் சாவியோடு கார்த் திறப்பும் உம்மாவின் இடுப்பில் சொருகியிருந்ததைப் பார்த்துக்கொண்டே நான் நினைத்தேன்.