சிரிக்க வைக்கத் தெரிந்த ஓர்ப்படி

என் மைத்துனருக்குக் கல்யாணமாகி அவர் மனைவி எங்களோடு குடியிருக்க வந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கிற தூரத்தில், இரண்டாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு. மாமனார், மாமியார், என் கணவர், மைத்துனர், நான் என்று ஏற்கெனவே இடம் போதாமல்தான் இருந்தோம்.

மாமியாருக்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடக் கேட்காது. அவர் வாயில் விழாமலிருக்க நான் கற்றுக்கொண்ட ஒரே வழி, வாயைத் திறக்காமலிருப்பது. அப்படியே சில வருஷங்கள் ஓட்டியிருந்தேன். புதிதாக வந்தவள் முதல் வாரத்திலேயே சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டாள். மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“என்னடீ இது, உப்பே இல்லே?”

“உப்புக்கும் ரேஷன் வரப்போறதாம்மா. இப்பவே பழகிண்டா நல்லதோன்னோன்னு…”

மாமியார் சிரித்துவிட்டார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. அவருக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று ஆரம்பித்தது எனக்குப் பொறாமை.

ஜப்பான் விமானங்கள் வெளிச்சத்தைப் பார்த்துக் குண்டு போடுமோ என்று ஊரையே இருட்டாக்கி வைத்த இருட்டடிப்பு நாட்கள் அவை. சாயங்காலமானால் கறுப்புக் காகிதம் ஒட்டிய ஜன்னல்களை மூடியாக வேண்டும். ஒரு நாள் விளக்கு வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மாமியார் மிளகாய் வறுத்தார். நெடி தாங்காமல் சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டார். தெருவில் விசில் அலறியது. ரோந்து வார்டன் படபடவென்று மாடியேறி வந்துவிட்டான். கையில் பட்டையும் கழுத்தில் விசிலுமாக நின்ற மராட்டிக்காரன். ஹிந்தியில் ஒரே கூச்சல். வீட்டுப் பெரியவர் யார், போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கட்டும் என்றான். மாமனார் மேல் துண்டைத் தேடினார். அண்ணன் தம்பி இருவரும் அப்போது ஆபீஸிலிருந்து திரும்பவில்லை.

வீட்டில் ஒழுங்காக ஹிந்தி தெரிந்தவள் நான்தான். பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவள். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சரியாகக் கட்டிக்கொண்டிருந்தேன். கடைசி வினைச்சொல் ஆண்பாலா பெண்பாலா என்று முடிவாவதற்குள், வார்டனுக்கு மிளகாய் நெடி ஏறித் தும்மல் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக.

என் ஓர்ப்படி முன்னால் வந்தாள். “தேகோ பாய்சாப்! ஜப்பான்வாலா ஆயேகா, மிர்ச்சி சூங்கேகா, ஆக்ச்சூ போலேகா, வாபஸ் ஜாயேகா!” ஜப்பான்காரன் வருவான், மிளகாயை மோந்து பார்ப்பான், தும்மிக்கொண்டே திரும்பிப் போய்விடுவான் என்றாள்.

வார்டன் தும்மலுக்கு நடுவில் சிரித்தான். சிரித்ததால் இன்னும் தும்மினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலை மூடச் சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

என் கணவர் வந்ததும் மாமனார் அதை நடித்தே காட்டினார். கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் காலையில் மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் அதைத் திரும்பச் சொல்வது உள்ளே எனக்குக் கேட்டது. நான் சொன்ன ஒன்றையாவது அவர் மாடிப்படி வரைக்கும் எடுத்துப் போனதுண்டா என்று யோசித்துக்கொண்டே காப்பிக்கு டிகாக்ஷன் இறக்கினேன்.

அப்புறம் அரிசிக்கு நிஜமாகவே ரேஷன் வந்தது. கடை வாசலில் நானும் ஓர்ப்படியும் வரிசையில் நின்றிருந்தோம். முன்னால் இரண்டு பெண்கள் இடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையிலிருந்த பை மற்றவள் முகத்துக்கு நேரே ஆடிற்று. இன்றைக்கு நாம் சொல்வோம் என்று தோன்றியது எனக்கு. இலக்கணம் பிசகாத ஹிந்தியில் சொன்னேன்: “இந்த அரிசிக்காகவா சண்டை, சகோதரிகளே? இதிலிருக்கும் கல்லைப் பொறுக்கினால் ஒரு வீடே கட்டலாமே!”

ஒருவரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் தராசை வைத்துவிட்டு எழுந்தார். “என் அரிசியில் கல் என்றது யார்?” என்று கேட்டு, பாதிக் கதவைப் படாரென்று சாத்தினார். இன்றைக்கு அரிசி கிடையாது, போங்கள் என்றார். சண்டை போட்ட இரண்டு பெண்களும் ஒன்றாகச் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். வரிசை முழுவதும் திரும்பியது.

ஓர்ப்படி என் தோளைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு மேலே எட்டிக் கத்தினாள். “சேட்ஜி, யே மேரா படா பஹன். இஸ்கா தாந்த் கராப் ஹை! இட்லி கோ பீ பத்தர் போல்தா!” என் அக்கா இவள், பல் சரியில்லை, இட்லியைக்கூடக் கல் என்பாள் என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் விட்டு, தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினாள். “இட்லி மை பனாத்தா!” இட்லி வார்ப்பவள் நான்தான்.

வரிசை சிரித்தது. கதவு திறந்தது. அரிசி கிடைத்தது. என் பல்லெல்லாம் முத்துப்போல நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் அவளுக்கு இரண்டடி முன்னால் நடந்தேன்.

“கோவமா மன்னி?” என்றாள்.

“உனக்கு எப்படிடீ இதெல்லாம் வறது?” என் குரல் எனக்கே நன்றாயில்லை.

அவள் பையைக் கை மாற்றிக்கொண்டாள். “எங்கப்பாவுக்குக் கை நீளும் மன்னி. பெல்ட்டைக் கழட்டறச்சே அவரைச் சிரிக்க வச்சுட்டா அடி விழாது. தம்பி தங்கைக்கெல்லாம் பயத்துல நாக்கு ஒட்டிக்கும். நான்தான் எதையாவது சொல்லணும். சட்டுனு சொல்லணும். சில நாள் சிரிக்க மாட்டார்.” கொஞ்ச தூரம் போனதும், “உங்களை யாரும் அடிச்சதில்லேல்லியோ?” என்றாள்.

இல்லை என்றேன். இதைக் கேட்டபின் என் பொறாமை போயிருக்க வேண்டும். போகவில்லை. அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது. மாமியார் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டால் எரிச்சலாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் எனக்குள் குடியிருந்தன.

யுத்தம் முடிந்த பிறகு மைத்துனர் செம்பூரில் தனியாக வீடு பார்த்துவிட்டார். பெரியவர்களிடம் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது விஷயம் வெளியே வந்தது. என் கணவர் எகிறினார், தம்பி பதிலுக்கு எகிறினார். மாமனார் சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தார். அவள் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். அன்றைக்கு அவளால் எப்படிப் பேச முடியும், போவதே அவள் அல்லவா? மாமியார் கையை உதறினார்.

“யாரும் எனக்கு வேண்டாம். நான் இன்னிக்கே காசிக்குப் போறேன்!”

நான் கரண்டியும் கையுமாக அவர் இலைக்கு முன்னால் குனிந்திருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டேன்: “போறதுக்கு முன்னாடி ரசம் விடட்டுமாம்மா?”

சத்தியமாக நான் கேலியாகக் கேட்கவில்லை. முதலில் மாமனாருக்குப் புரையேறியது. பிறகு என் கணவர் சிரித்தார். மைத்துனர் இலையைப் பார்த்துக் குலுங்கினார். மாமியார் என்னை முறைத்தார். முறைப்பு நிலைக்கவில்லை. “விட்டுத் தொலை,” என்று சிரித்துக்கொண்டே கையைக் குழித்தார். ரசத்தோடு சண்டையும் இறங்கிற்று. எந்த மாதம் போவது, எந்தப் பாத்திரங்களைக் கொடுப்பது என்று பேச்சு நகர்ந்தது.

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் வாய் மட்டும். கண் என் மேல் இருந்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. இத்தனை வருஷமாக நான் அவளைப் பார்த்த பார்வை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரசப் பாத்திரத்தை அவளிடம் கொடுத்துவிட்டு மோர் எடுக்கப் போனேன்.

அவர்கள் செம்பூருக்குப் போனார்கள். அவ்வப்போது வந்தார்கள், நாங்களும் போனோம். மாமியார் வீட்டை மறுபடி பாத்திரச் சத்தம் கேட்காத வீடாக்கினார். நான் அதற்குப்பின் எத்தனையோ தடவை முயன்றேன். ஒரு தடவையும் யாரும் சிரிக்கவில்லை. மத்தியானங்களில் வீடு ஓய்ந்திருக்கும்போது, செம்பூரில் இப்போது அவள் எதைச் சொல்லி யாரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறாளோ என்று நினைப்பேன். அதை என்னால் கேட்க முடியவில்லையே என்பதும் பொறாமையில்தான் சேர்ந்தது.